கபனெல் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்

அன்பு பாப்பாவுக்கு,

பாரிஸ் ஓர்சே மியூசியத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் கபனெல் காதல் தேவதையை வரைந்த 'வீனஸின் பிறப்பு' முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல், பொய்ப்படம் என்று சொல்லிவிட்டு அதே காலத்து ஓவியர் கூர்பேயின் படங்கள் பக்கம் போய்விட்டாயாம். பொய்தான், சரி. அந்தப் பொய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் போனதுதான் எனக்கு இடிக்கிறது.

பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் முதலில் கிரேக்க, ரோமச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைய வேண்டும், அது கைவந்த பிறகுதான் உயிருள்ள மாடலை வரைய விடுவார்கள். அதனால் சிலைதான் முதலில் மனதில் ஏறிவிடுகிறது, அப்புறம் எதிரே நிற்கும் ஆளின் முழங்கால் சிலைக்கு ஒத்துவராவிட்டால் திருத்தப்படுவது முழங்கால்தான். கபனெல் மாதிரியே வரைந்த பூகெரோவின் கிராமத்துச் சிறுமிகளைப் பார், வெறுங்காலில் ஒவ்வொரு விரலும் அப்படியே நிஜம், மண்தான் பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை!

கபனெலின் வீனஸ் அலைமேல் படுத்திருக்கிறாள், தண்ணீர் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. எடையில்லாத உடம்பு, பொய் அங்கேதான். 1863-இல் சலோனில், அதாவது பாரிஸின் அரசாங்க ஓவியக் கண்காட்சியில், பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை வாங்கினார். எழுத்தாளர் எமில் சோலா பின்னால் அதைச் சதையே இல்லை, வெள்ளையும் ரோஸுமாகப் பிசைந்த பாதாம் மாவு என்று கிண்டலடித்தார். அதே 1863-இல் ஓவியர் மனே வரைந்த 'ஒலிம்பியா' 1865-இல் சலோனுக்கு வந்ததும் ஒரே கூச்சல். அவளும் துணியில்லாமல் படுத்திருப்பவள்தான், ஆனால் மெத்தையில் படுத்துக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறாள், யாரோ அனுப்பிய பூங்கொத்து வருகிறது, தேவதை என்று சொல்லிச் சமாளிக்க வழியே இல்லை.

உன் கூர்பே விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அவருடைய 'ஓர்னானில் ஒரு சவ அடக்கம்' 6 மீட்டருக்கு மேல் அகலம், அவ்வளவு பெரிய ஓவியத் துணியைப் புராணத்துக்கும் வரலாற்று நாயகர்களுக்கும்தான் ஒதுக்குவார்கள், அவரோ தன் ஊர்ச் சனங்களை, மூக்குச் சிவந்த கோயில் சேவகர்கள் உட்பட, வரிசையாக நிறுத்திவிட்டார். சின்னதாக வரைந்திருந்தால் பாரிஸ்காரர்கள் கோபப்படாமல் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

லூவர் மியூசியம் போனால் ஓவியர் ஆங்க்ர் 1814-இல் வரைந்த 'பெரிய ஒடலிஸ்க்' என்ற அந்தப்புரப் பெண்ணின் முதுகைப் பார். முதுகெலும்புக் கணு அதிகமாக இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே திட்டினார்கள். ஓவியர் தாவீதிடம் படித்தவருக்கு எலும்பு தெரியாதா என்ன, கோடு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று வேண்டுமென்றே நீட்டியிருக்கிறார். துணிந்து சொன்ன அந்தப் பொய் எனக்குப் பிடிக்கும். கபனெலுடையது நிஜம் மாதிரி நடிப்பதால் பிடிக்காது.

அம்மாவுக்கு இதெல்லாம் சம்மதமில்லை, பூகெரோதான் ஒசத்தி என்கிறாள். நீ போன் பண்ணும்போது அவளிடமே பேசிக்கொள்.

அப்பா