முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவாதீர்கள்

உறுப்பினர்கள் கவனத்துக்கு: நெருப்புக்கோழிக் குஞ்சுகள் தொப்புள் வீங்கி, வயிற்றில் மஞ்சள்கரு கரையாமல் சாவது பல சமயம் ஈ.கோலை (E. coli) என்ற குடல் கிருமியின் வேலை. குஞ்சுக் கொட்டகையை மட்டும் குறை சொல்லாதீர்கள். முட்டைக் குழியையும் பாருங்கள்.

நெருப்புக்கோழி பெரும்பாலும் பிற்பகலிலிருந்து அந்திக்குள் முட்டையிடும். ஈர ஓடு சாணத்தில் கிடந்தால் நுண்துளை வழியே கிருமி ஏறும். விடியட்டும் என்று விடாமல் அன்று மாலையே எடுங்கள். குழியில் காய்ந்த மணல் போதும். நனைந்த வைக்கோல் பூஞ்சை பிடிக்கும்.

லேசான அழுக்குக்கு உலர்ந்த பிரஷ். கழுவியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக, சுமார் 40 டிகிரி செல்சியஸில், கிருமிநாசினியோடு இருக்கட்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கு நீரை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படிக் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

சேமிப்பு 15–18 டிகிரி, 7 நாளுக்குள். வெளியே எடுத்ததும் ஓடு வியர்த்தால் காய்ந்த பிறகே இன்குபேட்டர். அடைக்காலம் சுமார் 42 நாள். வாரம் ஒருமுறை இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிகிற, நாறுகிற முட்டையை உடனே அகற்றுங்கள். ஒன்று வெடித்தால் பக்கத்து முட்டைகளும் போச்சு. பொரித்ததும் தொப்புளில் அயோடின் தடவ மறக்காதீர்கள்.