ஆறாவது லூப் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கடை வெப்சைட்டில் பொருள் வகைகளை அடுக்கிக் காட்ட நீ அனுப்பிய மெனு டெம்ப்ளேட்டை, அதாவது பக்கத்தின் அச்சை, பார்த்தேன். லூப்புக்குள் லூப்பாக ஐந்து, ஒரு லெவலுக்கு ஒன்று. பிளம்பிங், குழாய், பிவிசி, ஃபிட்டிங், எல்போ வரை ஒழுங்காக வருகிறது. கடைக்காரர் எல்போவை அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று பிரித்தாராம். அந்த இரண்டையும் பக்கத்தில் காணோம். டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. உன் டெம்ப்ளேட்டுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியவில்லை.

ஆறாவதைச் சேர்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். எந்த லெவலிலும் வேலை ஒன்றுதானே: பெயரைப் போடு, பிள்ளைகள், அதாவது உள்வகைகள், இருந்தால் அவற்றுக்கும் இதையே செய். ஜின்ஜா என்ற பைத்தான் டெம்ப்ளேட் மொழியில், லூப்பைத் தொடங்கும் ஃபார் வரியின் கடைசியில் ‘ரிகர்சிவ்’ (தன்னையே திரும்ப அழைப்பது) என்று சேர்த்தால், உள்ளே ‘லூப்’ என்பதையே ஃபங்ஷன் மாதிரி அழைத்துப் பிள்ளைகளை அதன் கையில் கொடுக்கலாம். எத்தனையாவது லெவல் என்பதை ‘லூப்.டெப்த்’ 1 முதல் சொல்லும். ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கின் டெம்ப்ளேட் என்றால், ஒரு வகைக்கான துண்டைத் தனி ஃபைலாக்கி, அதற்குள் அதே ஃபைலை இன்க்லூட் செய்.

பிள்ளைகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டியலுக்கான ‘யுஎல்’ டேகைத் திற. இல்லாவிட்டால் ஒவ்வொரு நுனியிலும் வெறும் பட்டியல் ஒன்று தொங்கும். அந்த ‘யுஎல்’, தாய் வகையின் வரியான ‘எல்ஐ’ மூடுவதற்கு முன்னால் வர வேண்டும். நான் ரொம்ப நாள் மூடிய பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தேன். பிரவுசர் முகம் சுளிக்காமல் காட்டியதால் தெரியவே இல்லை.

பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு டெம்ப்ளேட் டேட்டாபேஸுக்கு ஓடக் கூடாது. முந்நூறு வகை இருந்தால் முந்நூறு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் முந்நூறு கேள்வி. எல்லா வகைகளையும் ஒரே குவெரியில் எடுத்து, தாய் ஐடி வாரியாக டிக்‌ஷனரியில் பிரித்து, மரமாகக் கட்டிக் கொடு.

இன்னொன்று, இது நான் பட்டது. அட்மின் பக்கத்தில் யாரோ ஒரு வகைக்குத் தாயாக அதன் பேரப்பிள்ளையையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றி ஓடி மெனுவே விழுந்திருக்கும் என்றுதானே நினைப்பாய்? இல்லை. மெனு வேரிலிருந்துதான் இறங்குகிறது; அந்தக் கிளை வேரிலிருந்து அறுந்து, சத்தமில்லாமல் மெனுவிலிருந்து மறைந்தது. அந்த வகையின் சொந்தப் பக்கத்தைத் திறந்தபோதுதான், அங்கிருந்து இறங்கிச் சுற்றத் தொடங்கி, தன்னையே அழைக்கும் ஆழத்துக்குப் பைத்தான் வைத்திருக்கும் 1000 எல்லையில் முட்டி ரிகர்ஷன் எரர் கொடுத்தது. பாதி நாள் டெம்ப்ளேட்டையே துழாவிக்கொண்டிருந்தேன். தப்பு அங்கே இல்லை. சேமிக்கும் இடத்தில் தடுத்திருக்க வேண்டும்.

திருத்தி அனுப்பும்போது எல்போவுக்குக் கீழே இன்னும் இரண்டு லெவல் பொய்யாகப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்