ராஜினாமா கடிதத்தைப் படித்த பிறகு, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் மெயில் வந்தது. காரணம் என்று நீ எழுதியிருந்த அந்த ஒரு வரியை அப்படியே இங்கே எடுத்துப் போடமாட்டேன். இனி கவுன்சலிங் மட்டும், லேப் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாய். மறதி நோயாளிகளை வீட்டில் பராமரிப்பவர்களுக்கு நீ கவுன்சலிங் கொடுப்பாய்; அதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை என் லேபில் அளப்போம். படிக்கிற மற்றவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். ஊர், நிறுவனம், பங்கேற்றவர்களின் அடையாளம் எதுவும் இதில் வராது. சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். எது மாறியிருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

ஏன் பொதுவில் எழுதினாய் என்று கோபப்படாதே. எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்த பிள்ளைகள் மருத்துவ ஆராய்ச்சிக்குள் வரலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உனக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றாகவே இருக்கிறது.

அந்த வியாழக்கிழமையை விட்டு என் மனசு நகர மறுக்கிறது. எச்சில் சாம்பிள்களை அளக்கும் குழித் தட்டான பிளேட்டில், கான்ஜுகேட் என்ற வினைக்கலவையை ஊற்றி முடித்து டைமர் போட்டாயிற்று. நீ கையில் லாக் ஷீட்டோடு கதவருகில் வந்து நின்றாய். "அக்கா, அந்த ரெண்டாம் நாள் ட்யூப் நாலும் ஒரே நேரத்துல எடுத்தது. டைம் எழுதியிருக்கறது நிஜமில்ல."

அடுத்து நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும், அங்கே இருந்த டெக்னீஷியன்களுக்கும் தெரியும்.

படிக்கிறவர்களுக்கு அந்த பிளேட்டின் கணக்கைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் ஆத்திரம் புரியாது. மொத்தம் 96 குழி. எல்லாவற்றையும் டூப்ளிகேட்டில், அதாவது இரண்டிரண்டு குழியில் போடுவோம். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டும் வெறும் பிளாங்க்கும் 16 குழியை எடுத்துக்கொள்ளும், சரிபார்க்கிற கண்ட்ரோல் இன்னொரு 4. மிச்சம் 76, அதாவது 38 சாம்பிள். ஒருவருக்கு ஒரு காலையில் 4 ட்யூப், இரண்டு நாள், கவுன்சலிங்குக்கு முன்பும் பின்பும்: 16 சாம்பிள். ஒரே ஆளின் முன்-பின் சாம்பிள்களை இரண்டு பிளேட்டில் பிரித்துப் போடவே கூடாது. பிளேட்டுக்குப் பிளேட் அளவு நகரும். அந்த நகர்வை நாம் கவுன்சலிங்கின் பலன் என்று எழுதிவிடுவோம். ஆகவே ஒரு பிளேட்டில் முழுசாக இரண்டே பேர். அதில் ஒருவருடைய ஒரு நாள் செல்லாது என்று, டைமர் ஓடும்போது நீ வந்து சொல்கிறாய்.

நீ சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் நானும் சொல்லத்தான் செய்வேன்: கிட் வாங்கப் பணம் வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தது நீயல்ல, நான்.

அந்த ட்யூப்களைக் கொடுத்த அம்மாவின் கணவருக்கு மறதி நோய். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தேடி அழைத்து வந்து, கால் கழுவி, படுக்க வைத்து, பால் வாங்கி, காபி போட்டு, எட்டு மணிக்கு மேல்தான் நம் ட்யூப் நினைவுக்கு வந்திருக்கிறது. எச்சில் எடுக்கிற நாலு பஞ்சையும் ஒன்றன்பின் ஒன்றாக மென்று ட்யூபில் போட்டுவிட்டு, நாம் கொடுத்த தாளில் இருந்தபடியே 5.00, 5.30, 5.45, 6.00 என்று அழகாக எழுதிவிட்டார். திட்டுவார்களோ என்ற பயம்.

அந்த நாலு ட்யூபின் எண்களும் கணக்கில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விழித்தவுடன் கார்டிசால் ஏறும், 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சம் தொடும், பிறகு இறங்கத் தொடங்கும். அந்த ஏற்றத்தைப் பிடிக்கத்தான் நாலு ட்யூப். எட்டு மணிக்கு மேல் நாலையும் சேர்த்து எடுத்தால் நாலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக, தட்டையான கோடாக வரும். நெடுநாள் பாரம் சுமந்து களைத்துப்போன உடம்பு என்று ஆய்வுக் கட்டுரைகளில் படிக்கிறோமே, அதே கோடு. "பராமரிப்பவரின் ஹார்மோன் துலங்கல் மங்கிவிட்டது" என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்பார்த்த திசையில் வந்த எண்ணை யார் சந்தேகப்படுகிறார்கள்?

இந்த அளவீட்டில் நேரத்தைப் பங்கேற்பவர் சொல்வதை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று 2016-ல் வந்த நிபுணர் வழிகாட்டுதலே சொல்கிறது. மூடியைத் திறந்த நேரத்தைப் பதிகிற டப்பா, கையில் கட்டுகிற அசைவு மீட்டர் எல்லாம் இருக்கின்றன. நம்மிடம் இருந்த கருவி நீதான். அவர் அந்த இரவைப் பற்றி உன்னிடம் பேசினார். "அப்ப அன்னிக்கு ட்யூப் எப்பம்மா எடுத்தீங்க?" என்று நீ குரல் மாறாமல் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை என்னால் குற்றச்சாட்டு போல் ஒலிக்காமல் கேட்டிருக்க முடியாது.

பிறகுதான் தெரிந்தது, நீ ஏன் தாமதமாக வந்தாய் என்று. அவர் சொன்னது கவுன்சலிங் அறைக்குள். அதை வெளியே சொல்ல அவருடைய அனுமதி வேண்டும். காலையிலிருந்து போன் போட்டுப் போட்டு, அவர் எடுத்து, "சொல்லிக்கோப்பா" என்ற பிறகுதான் கீழே இறங்கி வந்திருக்கிறாய். அவர் எடுக்காமல் போயிருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாயா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

ஒன்றைக் கவனித்தாயா தம்பி? நீ வந்த நேரம் எனக்குக் கெட்ட நேரம், ஆய்வுக்கு நல்ல நேரம். ரீடிங் எடுத்து, எண்ணைப் பார்த்த பிறகு ஒரு சாம்பிளை நீக்கினால் அது பிடிக்காத எண்ணைத் தூக்கிப்போட்டதாகத்தான் கருதப்படும். எண் வருவதற்கு முன், காரணத்தை எழுதி, தேதி போட்டு நீக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. அன்று உன் லாக் ஷீட்டில் இருந்தது ஒரே வரி: "2-ம் நாள், 4 ட்யூபும் காலை 8-க்கு மேல், பங்கேற்பாளர் தெரிவித்தது, அனுமதியுடன்." இரவு நடந்தது, அவர் அழுதது, கணவர் கை ஓங்கியது எதுவும் அதில் இல்லை. அவை வேறு நோட்டில், வேறு பூட்டுக்குள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதைச் செய்த நீதான், லேபில் மனிதர்கள் இல்லை என்று எழுதுகிறாய்!

கோபமாகத்தான் இருக்கிறது. சென்ட்ரிஃப்யூஜில் எதிர்ப்பக்கம் சம எடை வைப்பதிலிருந்து உனக்குக் கற்றுக்கொடுத்தேன். பஞ்சில் இளஞ்சிவப்பு தெரிந்தால் ஈறு ரத்தம், ஒதுக்கி வை. ஆஸ்துமா ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கிறதா என்று முதலிலேயே கேள். முதல் ட்யூபிலிருந்து கடைசி ட்யூப் வரை பல் தேய்க்கக் கூடாது, காபி கூடாது, வெற்றிலை கூடாது. காபி இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் நம் வீடுகளில் முடியாத காரியம் என்று கண்டுபிடித்தது நீ. எச்சில் ட்யூபை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைக்க மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் விலகப் பார்த்தபோது, வெளியே தெரியாத மூடி டப்பா கொடுத்து, கார்டிசால் அறை வெப்பத்தில் ஓரிரு நாள் தாங்கும், ஃபிரிட்ஜே வேண்டாம், மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதும் நீதான். முடியை வைத்து அளக்கலாமே என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார், நினைவிருக்கிறதா? தலையின் பின்பக்கத்தில் தோலை ஒட்டி வெட்டிய 3 சென்டிமீட்டர் முடி சுமார் மூன்று மாத கார்டிசாலைக் காட்டும், உண்மைதான். பாதிப் பேர் வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொள்வார்கள், மீதிப் பேர் டை அடிப்பார்கள் என்று நீ சொன்னபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1995-ல் வெளிவந்த அந்த ஓஹியோ ஆய்வை உனக்கு முதல் வாரமே கொடுத்தேன். ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் மருத்துவ உளவியலாளர், கணவர் ரொனால்ட் கிளேசர் வைரஸ் ஆய்வாளர். மறதி நோயாளியைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர், பராமரிக்காத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஆய்வுக்காகப் போட்ட ஒரே மாதிரி காயம். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைப்பது எப்போது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆறியதைக் குறித்தார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரி 48.7 நாள், மற்றவர்களுக்கு 39.3. அதற்கு இருபது வருடம் முன்பு, 1975-ல், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உளவியலாளர் ராபர்ட் ஏடரும் நோயெதிர்ப்பு ஆய்வாளர் நிக்கோலஸ் கோஹனும் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரோடு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு சாக்கரின் மட்டும் கொடுத்தபோதே எதிர்ப்பாற்றல் குறைந்தது. இரண்டு இடத்திலும் இரண்டு பேர், இரண்டு படிப்பு. ஒருவரே இரண்டையும் செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கவுன்சலரான உன்னை லேபில் பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிக்க வைத்தது தேவையா என்று கேட்டாய். தேவைதான். ஆனால் நீ கவுன்சலிங் கொடுத்தவர்களின் சாம்பிளை நீயே அளக்கக் கூடாது. யார் எந்தக் குழு என்று உனக்குத் தெரியும். ஒரு குழி சந்தேகமாக வந்தால், திரும்பப் போடலாமா விடலாமா என்ற முடிவில் அந்தத் தெரிதல் நுழைந்துவிடும். ஒரு ஆய்வில் கவுன்சலர், வேறொரு ஆய்வில் லேப். இரண்டும் தெரிந்த ஆள் இப்படி மாறி மாறி இருக்கலாம். உனக்கு அப்படித்தான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். சொல்லவில்லைதான். ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற வேலையில் இருப்பவனிடம் இரண்டு வருடத் திட்டத்தை எந்த முகத்தோடு சொல்வது? உனக்குக் கொடுத்த அறையின் கதவு சாத்தாது என்பதையும், அதற்கு நான் எத்தனை கடிதம் எழுதினேன் என்பதையும் இங்கே விரிவாக எழுத முடியாது. நிர்வாகத்தினரும் படிப்பார்கள்.

நீ போகிற வழியில் ஒன்றிரண்டு விஷயம். எம்.எஸ்சி. கவுன்சலிங்கை வைத்துக்கொண்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. 1992-ம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு அவர்கள் அங்கீகரித்த படிப்பு வேண்டும். போகிற இடத்தில் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 படிவம் வைத்தால், மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன் ஒன்பதாவது கேள்வியைப் பார். சாக வேண்டும் என்ற எண்ணத்தைக் கேட்கிற கேள்வி அது. ஆளை அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டும். படிவங்கள் கட்டாகக் கட்டி டேட்டா என்ட்ரிக்குப் போய், இரண்டு வாரம் கழித்து ஒருவர் அந்தக் கேள்விக்கு விழுந்த '3'-ஐ, அதாவது மிக அதிக மதிப்பெண்ணை, டைப் செய்வது ஆராய்ச்சியில் மட்டும் நடக்கிற தவறல்ல, ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அறையில் ஒட்டி வை.

அங்கேயும் யாராவது ஆய்வு என்று வருவார்கள். "இதுல சேந்தா எங்க வீட்டுக்காரருக்குக் குணமாயிடுமா?" என்று அங்கேயும் ஒரு அம்மா கேட்பார். கையெழுத்து வாங்க அவசரப்படாமல், இல்லைம்மா, இது வைத்தியம் இல்லை, எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும், நடுவில் விலகினாலும் சிகிச்சை குறையாது என்று நீ சொல்வாய். அவர் வீட்டுக்குப் போய் யோசித்து வரட்டும் என்று படிவத்தைக் கையில் கொடுத்தனுப்புவாய். இங்கே அப்படி அனுப்பியதில் திரும்பி வராதவர்கள் உண்டு. அதற்கு மாதாந்திரக் கூட்டத்தில் பதில் சொன்னவள் நான். அப்போதெல்லாம் உன்னை விட்டுக்கொடுத்தேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறையும் இல்லை. அதை நீ மெயிலில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

சரி, விடு.

பரிந்துரைக் கடிதம் தயார். வழக்கமான "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" எதுவும் அதில் இல்லை. பங்கேற்பாளரின் அனுமதி பெற்று, ரீடிங்குக்கு முன்பே ஒரு தவறான மாதிரியைப் பதிவு செய்தார் என்று நடந்ததை எழுதியிருக்கிறேன். படிக்கிறவருக்கு விஷயம் தெரிந்தால் அது போதும்.

ஒப்படைக்க வேண்டியவை: பெயரும் கோட் எண்ணும் இருக்கிற பட்டியலை மெயிலில் அனுப்பாதே, பென் டிரைவிலும் வேண்டாம். நேரில் கொண்டு வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடு. மைனஸ் 80 ஃப்ரீசரில் மூன்றாம் அடுக்கு பெட்டிகளின் வரைபடம் உன் கையெழுத்தில்தான் இருக்கிறது, எனக்குப் பாதி புரியவில்லை. டைப் செய்து கொண்டு வா. உன் கவுன்சலிங் நோட்டுகள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரும்வரை சாவி உன்னிடமே இருக்கட்டும்.

காலையில் வராதே, மதியம் வா. டெக்னீஷியன்கள் எல்லோரும் அப்போதுதான் இருப்பார்கள். அவர்கள் முன்னால்தான் உன்னைப் பார்த்துக் கத்தினேன், மன்னிப்பும் அவர்கள் முன்னால்தான் கேட்க வேண்டும்.

அக்கா