காது கேட்கும் கருவியைப் பொருத்திய விதம் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உயர் அதிர்வெண் செவித்திறன் குறைவுக்கு வாங்கிய கருவியை மறுபடி அளந்து பொருத்தித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் கிளையில் இரண்டு காதுகளுக்கும் கருவி வாங்கியிருக்கிறேன். கருவி பழுதாகவில்லை. அதைப் பொருத்திய விதம்தான் தவறு. நீங்கள் அதைச் சர்வீஸுக்கு அனுப்பி, "கருவி நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஆடியோகிராம், அதாவது செவித்திறனைக் காட்டும் வரைபடம், உங்கள் ஊழியரே எடுத்தது. 1000 ஹெர்ட்ஸ் வரை என் காது இயல்பாக இருக்கிறது. 2000-க்கு மேல் கோடு சரிந்து, 4000-இல் 65 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது; அதாவது அங்கே 65 டெசிபலுக்குக் குறைந்த ஒலி எனக்குக் கேட்காது. பேசுகிற சத்தம் கேட்கும், சொல் விளங்காது. உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை எனக்குக் கேட்டுவிடுகின்றன. ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்களில், அதுவும் மெலிதாக வருகின்றன. கட்டு, தட்டு, பட்டு மூன்றும் எனக்கு ஒன்றுபோல விழுகின்றன, வாயசைவையும் பேச்சின் போக்கையும் வைத்து ஊகிக்கிறேன். பேத்தியின் குரல்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

இப்படிப்பட்ட காதுக்கு உங்கள் ஊழியர் துளையில்லாத டோம் (காதுக்குள் செருகும் மென்மையான முனை) போட்டுக் காதை முழுக்க அடைத்தார். தாழ்ந்த ஒலிகள் எனக்கு இயற்கையாகவே கேட்கின்றன; அவற்றை ஏன் அடைக்க வேண்டும்? என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல முழங்குகிறது, சாப்பிடும்போது மெல்லும் சத்தம் தலையை நிறைக்கிறது. திறந்த டோம் உங்களிடம் இருக்கிறது, விளம்பரக் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறீர்கள்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. கருவி கீச்சென்று விசில் அடிக்கிறது என்று சொன்னேன். ஊழியர் கணினியில் எதையோ மாற்றினார், விசில் நின்றது. கேட்டபோது, உயர் அதிர்வெண்களின் பெருக்கத்தைக் குறைத்ததாகச் சொன்னார். எந்த ஒலிகளுக்காகக் கருவி வாங்கினேனோ அவற்றையே குறைத்துவிட்டு, ஈடுகட்ட மொத்தச் சத்தத்தைக் கூட்டி அனுப்பினார். இப்போது மின்விசிறியும் பாத்திரமும் இரைகின்றன, பேச்சு பழையபடியே மங்கலாக இருக்கிறது.

"போகப்போகப் பழகிவிடும்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், சரி. ஆனால் காதுக்கே வந்து சேராத ஒலிக்கு எப்படிப் பழகுவது?

வந்து சேர்கிறதா என்று யாரும் அளக்கவேயில்லை. மெல்லிய குழாய் மைக்கை காதுக்குள் வைத்து, கருவி செவிப்பறை அருகே ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு சத்தம் தருகிறது என்று பார்க்கும் ரியல் இயர் அளவீடு இருக்கிறது. ஒவ்வொருவர் காதின் வடிவமும் வேறு என்பதால், மென்பொருள் ஊகித்துத் தரும் தொடக்க அமைப்பு உயர் அதிர்வெண்களில் பல சமயம் போதாமல் போகும். எனக்கு அந்தத் தொடக்க அமைப்பைத்தான் போட்டுக் கொடுத்தீர்கள்.

இன்னொன்று. என் குடும்பத்தாரிடம் "சத்தமாகப் பேசுங்கள்" என்று உங்கள் ஊழியர் அறிவுரை சொன்னார். கத்தினால் உயிரெழுத்துகள்தான் பெருகும், மெய்யெழுத்துகள் இன்னும் அமுங்கிப்போகும். முகம் பார்த்து, நிதானமாக, டிவியை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லியிருந்தால் அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும். உட்செவியில் அழிந்த மயிரிழை செல்கள் திரும்ப முளைக்காது என்பது எனக்குத் தெரியும். பழைய காதை நான் கேட்கவில்லை.

தகுதியுள்ள ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒருவர் ரியல் இயர் அளவீடு செய்து, என் ஆடியோகிராமின்படி ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எனக்கு வேண்டிய சத்த அளவோடு ஒப்பிட்ட அறிக்கையின் அச்சுப் பிரதியை எனக்குத் தர வேண்டும். திறந்த டோம் பொருத்தி, பெருக்கத்தைக் குறைக்காமல், கருவியில் உள்ள விசில் தடுப்பு வசதியைச் சரியாக அமைத்து விசிலை நிறுத்த வேண்டும். அதன் பிறகும் ச, ஸ பிடிபடவில்லை என்றால், உயர் ஒலிகளைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கித் தரும் வசதியையும் போட்டுப் பார்க்கலாம். இவற்றைச் செய்ய உங்கள் கிளையில் கருவியோ ஆளோ இல்லையென்றால், வாங்கியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தொலைபேசிப் பேச்சுதான் எனக்கு மிகவும் விளங்காதது.

இணைப்பு: ஆடியோகிராம் நகல், ரசீது நகல்

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்