எழுத நேரம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய அம்மாமாரே, உம்மாமாரே, வீட்டு ஆண்களே, அயலவர்களே, அச்சகத்துத் தம்பிமாரே,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீடு, பிள்ளைகள், அடுப்படி எல்லாம் பார்த்துக்கொண்டே எழுதுகிற பெண்கள் நாங்கள். எங்கள் சிறுகதைத் தொகுப்பு அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. நன்றியுரைக்கென்று நூலில் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. அதில் பெயர்களை மட்டும் போட முடிந்தது. யார் எதைச் செய்தீர்கள், அது எப்படிக் கைகொடுத்தது என்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதனால் இந்த மடலில் உதவிகளை விபரமாகவே எழுதுகிறோம். இன்னொரு வீட்டில் ஒரு பெண் எழுத உட்கார நினைத்தால், அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது வழிகாட்டட்டும்.

முதல் நன்றி எங்கள் தாய்மாருக்கு. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெரும்பாலும் பெண் வீட்டுக்கு வருவார். தாய், மகள், சின்னம்மா, சாச்சி எல்லோரும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்போம். எழுதுகிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கதவைச் சாத்தினால் விளங்காது. தாய் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தால் கதவடியில் நின்று அழும். பிள்ளையை வேறு வளவுக்குக் கொண்டுபோனால்தான் இருவருக்கும் நிம்மதி. அதை நீங்கள் செய்தீர்கள். காலை 9 மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், பத்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். இந்த ஏற்பாட்டில் சறுக்குகிற இடம் ஒன்றுதான்: பை. மாற்றுச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், தின்னக் கொடுப்பது, விளையாட ஏதாவது ஒன்று, எல்லாம் ஒரே பையில் முதல்நாள் இரவே கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரைமணிக்கு ஒருதரம் "இவன்ட சட்டை எங்க கிடக்கு?" என்று வேலிக்கு மேலால் குரல் வரும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். விட்ட வரிக்குத் திரும்பக் கால்மணி வேண்டும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு வேறு கணக்கு. வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் எங்களில் பலருக்குச் சொன்னது ஒன்றே: பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும். அந்த மாதங்களில் கதை எழுத முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். நினைவில் வருவதை ஒரு வரியில் குறித்து வைத்தால் போதும். தாயும் தூங்க வேண்டும் என்று துணிந்து சொன்ன உத்தியோகத்தர்களுக்கு நன்றி.

முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நாங்கள் கடமைப்பட்டது, நீங்கள் பிள்ளைகளை வைத்திருக்கும் காலை மூன்று மணித்தியாலத்துக்காக மட்டுமில்லை. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மணியடிக்கும் வரை காத்திருக்கப் பழக்கியதும் நீங்கள்தான். அதையே வீட்டில் செய்தோம். தொலைபேசியில் அலாரம் வைத்து, பிள்ளை இருக்கும் அறையில் வைக்க வேண்டும். தாயிடம் தொலைபேசி இல்லாமலிருப்பது எழுத்துக்கும் நல்லது. முதலில் 10 நிமிடம், பிறகு 15, பிறகு 25 என்று கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு விதி: மணி அடித்தால் வரியின் நடுவில் என்றாலும் எழும்பிப் போக வேண்டும். ஒருநாள் ஏமாற்றினால் மறுநாள் மூன்றாவது நிமிடத்திலேயே கதவு தட்டப்படும்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு. ஒரு வேலையைத் தலையும் வாலுமாக நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் பெரிய உதவி. பாடசாலைப் பொறுப்பு என்பது பிள்ளையை 7.30க்கு முன் வாசலில் இறக்கிவிடுவதோடு முடியாது. நேரசூசிப்படி கொப்பி அடுக்க வேண்டும், சப்பாத்துக்கு வெள்ளை பூச வேண்டும், வகுப்பு வட்ஸ்அப் குழுவைப் பார்க்க வேண்டும், நாளைக்குக் களிமண் கொண்டுவரச் சொன்னதை இன்றைக்கே தெரிந்து வைத்திருக்க வேண்டும். "சொல்லு, செய்றன்" என்று நிற்பதிலும் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் எதைச் சொல்வதென்று நினைவில் வைத்திருப்பதே பாதி வேலை. கதை வர வேண்டிய இடத்தை அந்த நினைவுகள் அடைத்துக்கொள்ளும். நினைவையும் சேர்த்து வாங்கிக்கொண்ட உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

விடியற்காலையைத் தந்தவர்கள் இடியப்பம் அவித்து விற்கும் அக்காமார். ஆளுக்கு 5 என்றால் நாலு பேருக்கு 20 இடியப்பம். மாக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டில் அவித்து, பிறகு உரலும் தட்டும் கழுவி வைக்க ஒரு மணித்தியாலம் போய்விடும். முதல்நாள் பின்னேரமே சொல்லி வைத்தால் ஆறு மணிக்குச் சுடச்சுட வாசலுக்கு வந்தது. எங்களுக்கு மிஞ்சிய அந்த ஒரு மணித்தியாலம் உங்கள் உழைப்பிலிருந்து வந்தது என்பதை அறிவோம். ஆகவே, வாங்கி எழுதும் தோழிகளே, அன்றைய காசை அன்றே கொடுங்கள். பேரம் பேச வேண்டாம். சொதிக்கும் சம்பலுக்கும் தேங்காயை இரவே துருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். வெளியில் வைத்தால் இந்த வெக்கைக்கு விடிவதற்குள் புளிக்கும். மீனை வெட்டிக் கழுவித் தந்த சந்தை அண்ணன்மாருக்கும் நன்றி. சூடை, கீரி போன்ற பொடிமீனை எழுதும் நாளில் வாங்காதீர்கள். ஒரு கிலோவைச் சுத்தம் பண்ணி முடிக்கக் காலைப்பொழுதின் நல்ல பகுதி போய்விடும். துண்டு மீன் போதும்.

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு எழுதுவது எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் சரிவராது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் தோழிகள் சுபஹ் என்ற அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு எழுதுவார்கள். ரமழானில் அந்த நேரம் ஸஹர் (நோன்பு தொடங்குமுன் உண்ணும் உணவு) சமையலோடும் தூக்கத்தோடும் போய்விடும். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் கிடைக்கும்; அஸர் என்ற பின்னேரத் தொழுகை ஆனதும் நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வரும் ஆண்டு, இவையும் அப்படித்தான். இதை விளங்கிக்கொண்ட சிற்றிதழ் ஆசிரியர்கள் அந்த மாதங்களில் புதுக் கதை கேட்கவில்லை. திருத்த வேண்டிய பழைய பிரதியை, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி அனுப்பினார்கள். புதிதாக எழுதத்தான் நீண்ட அமைதி வேண்டும். திருத்துவதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் செய்யலாம். இரண்டு மாதம் முன்கூட்டியே தவணைத் திகதி சொன்னதும் நீங்கள்தான். போட்டி அறிவித்தல் வந்த அன்றே அதைப் படமெடுத்து அனுப்பிய பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தர்களையும் இங்கே நினைக்கிறோம். அறிவித்தல் பலகையில் மட்டும் ஒட்டினால், பகலில் வீட்டைவிட்டு வெளியேற முடியாத பெண்ணுக்கு அது எட்டாது.

தொலைபேசியில் தமிழ் எழுதவும் பேசிப் பதியவும் பழக்கிய தம்பி தங்கைமாருக்கு அடுத்த நன்றி. கறி கொதிக்கும்போது சொல்லி எழுதலாம் என்பது உண்மை. ஆனால் மின்விசிறியும் குக்கர் விசிலும் கேட்டால் சொற்கள் குழம்பும். நாங்கள் பேசும்போது ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நிறுத்தற்குறிகளையும் நாமே போட வேண்டியிருக்கும். அன்றிரவே திருத்தாவிட்டால், இரண்டு நாள் கழித்து நாம் சொன்னது நமக்கே பிடிபடாது. இதற்குப் பயந்தவர்கள் சீ.ஆர். கொப்பி என்ற பெரிய கோடிட்ட கொப்பியையும் பென்சிலையும் அடுப்படியில் வைத்திருந்தார்கள். ஈரக்கைக்குச் சில பேனைகளின் மை கரையும், பென்சில் கரையாது. எழும்புமுன் கடைசி வரியின் கீழே "அடுத்து யார் பேசுவது, என்ன நடக்கும்" என்று ஒரு குறிப்பு எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்தக் குறிப்பு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்.

அச்சகத்தாருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் கதைகள் யூனிகோட்டில் (தொலைபேசியிலும் இணையத்திலும் தமிழ் எழுதும் முறை) இருந்தன. பக்கங்களை அமைக்கும் உங்கள் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்ற வேண்டி வந்தது. பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் காற்புள்ளி விசையில். அதனால் மாற்றத்தில் பல காற்புள்ளிகள் 'இ' ஆகிவிட்டன. இடையில் ஆங்கில எழுத்து இருந்த இடங்களில் பொருளில்லாத தமிழ் எழுத்துகள் வந்து நின்றன. இதை நீங்களே கண்டுபிடித்து, சொல்லுக்கு வெளியே தனியாக நிற்கும் ஒவ்வொரு 'இ'யையும் தேடித் திருத்தினீர்கள். 'மறுகா', 'கிறுகி' போன்ற எங்கள் ஊர்ச் சொற்களைத் தட்டச்சுப் பிழையென்று நினைத்து மாற்றிவிடாமல் இருக்க, ஒரு பட்டியல் கேட்டு வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தீர்கள். இனி நூல் போடுகிறவர்கள் இந்தப் பட்டியலை முதல்நாளே கொடுத்துவிடுவது நல்லது.

நூல் 100 பக்கம் வந்தபோது நான்கு பக்கம் குறைக்கச் சொன்னதும் நல்ல யோசனை. 16 பக்கம் ஒரு போர்ம் என்றால் ஆறு போர்ம் 96 பக்கம். மிச்சம் நாலு பக்கத்துக்குத் தனியாக ஒரு அச்சுத் தட்டும் தாளும் வீணாகும். மாரிக்கு முன்பே அச்சிட வற்புறுத்தியதற்கும் நன்றி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், ஒரு பக்கம் மட்டும் லமினேட் செய்த அட்டை வெளிப்புறமாக வளையும். லமினேட் இல்லாத உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிவதே காரணம். ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறும் வழியைக் காட்டியவர்களும் நீங்களே. எண் கேட்குமுன் தலைப்பை முடிவுசெய்துவிட வேண்டும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க: விண்ணப்பத்தில் கொடுத்த தலைப்பின் பேரில்தான் எண் பதிவாகும்.

சரவை (அச்சுப்பிழை) பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உங்கள் முறையைப் பலரும் பின்பற்ற வேண்டும். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்தீர்கள். இரண்டாம் முறை பெயர்களும் எண்களும் மட்டும். மூன்றாம் முறை கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி. கதை இழுத்துக்கொண்டு போகாததால் ரகர றகர மயக்கமும் விட்டுப்போன ஒற்றும் கண்ணில் படும். கதைத் தலைப்பையும் பொருளடக்கத்துப் பக்க எண்ணையும் தனியாக ஒப்பிட்டதற்கு இரட்டை நன்றி. அதிகம் பிழை விடப்படுவது அங்கேதான்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை உறவுகளுக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம் என்று இந்த மண்ணில் கடதாசி தப்பாத நாட்கள் பல. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் இருக்கிற எங்கள் கையெழுத்துப் பிரதிகளின் ஒரு படியை உங்கள் வீட்டில், தரையிலிருந்து உயரமான தட்டில், கறையான் எட்டாமல் சுவரைவிட்டுத் தள்ளி வைத்துக் காத்தீர்கள். உங்கள் பக்கத்தில் எழுதுகிற பிள்ளைகளின் பிரதிகள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. தொலைபேசியில் படமெடுத்து வைப்பவர்கள் பக்கத்தின் மூலையில் எண்ணும் திகதியும் போட்ட பிறகே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறு படங்கள் சேர்ந்தபின் வரிசைப்படுத்தவே முடியாது. அன்றன்றே இணையச் சேமிப்பிலும் ஏற்றிவிடுங்கள். தொலைபேசியை வாங்கி விளையாடும் சின்னக் கைகள் எதையும் அழித்துவிடும்.

பொது நூலகங்களின் நூலகர்களே, தொலைபேசியில் சொன்னாலே தவணையைப் புதுப்பித்துத் தந்தீர்கள். சந்தைக்கு வந்த கையோடு ஓடிவரும் எங்களுக்காகக் கேட்ட நூலை மேசையில் எடுத்து வைத்திருந்தீர்கள். கடைசியாக எங்கள் மூத்த பிள்ளைகள்: கொப்பியைப் பார்த்து வாசித்துச் சொல்லித் தட்டச்சுக்கு உதவினீர்கள், தம்பி தங்கையின் பாலைக் கரைத்துக் கொடுத்தீர்கள், கதையில் "இது எங்கட வீட்டில நடந்தது, போடாதீங்க" என்று சொல்லும் உரிமையையும் பயன்படுத்தினீர்கள். அப்படிச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டோம்.

உங்கள் ஒவ்வொருவருக்குமான பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம். இத்தனை பேர் பார்த்தும் தப்பிய பிழை ஏதும் கண்ணில் பட்டால், பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அதை வாங்கிக்கொள்கிறோம்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் எழுதும் தாய்மார்