பாட்டு சரி, கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து ஊரணி ஒன்றைத் தூர்வாரப் பணம் திரட்டுவதற்காக உள்ளூர்ப் பாடகர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள். பேரன் செல்போனில் போட்டுக் காட்டினான். நன்றாகவே இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்களும் பகிர்கிறார்களாம். முடிவில் இசை, ஒளிப்பதிவு, ஒப்பனை என்று எல்லார் பெயரும் ஓடுகிறது. பணத்தை எந்தக் கணக்கில் கட்டுவது, யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை. தேவகோட்டையில் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான். என் கண் அங்கேதான் போகும்.

1984 நவம்பரில் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் என்ற இரண்டு பாடகர்கள் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டனில் பாடகர்களைக் கூட்டி இசைத்தட்டு போட்டார்கள். அந்தத் தட்டுக்கும் விற்பனை வரி உண்டு, விலக்கு கிடையாது என்றது பிரிட்டனின் தாட்சர் அரசு. கெல்டாஃப் விடவில்லை. கடைசியில் வரிக்குச் சமமான தொகையை அரசே நிவாரணத்துக்குக் கொடுத்தது. கணக்கு என்றால் அப்படித் துரத்த வேண்டும்!

1985 ஜனவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இசை விருது விழா. அதற்கு வந்த நட்சத்திரங்களை விழா முடிந்த கையோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்து, ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக மைக்கேல் ஜாக்சனும் லயோனல் ரிச்சியும் எழுதிய 'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டை விடிய விடியப் பதிவு செய்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள். தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தால் பயணச் செலவே எங்கேயோ போயிருக்கும். கல்யாணத்துக்கு வந்த பங்காளிகளை உட்கார வைத்துக் கோயில் கூட்டத்தையும் முடித்துவிடுகிற நமக்கு இந்தச் சிக்கனம் புரியும். கர்வத்தை வாசலில் விட்டு வாருங்கள் என்று அந்தப் பதிவை நடத்திய குயின்சி ஜோன்ஸ் எழுதி வைத்ததைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். பணத்தை வாங்கிச் செலவிடவே தனி அமைப்பு வைத்ததை யாரும் சொல்வதில்லை. ஆறு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

1988-ல் தூர்தர்ஷனுக்காக பீம்சேன் ஜோஷி, பாலமுரளிகிருஷ்ணா எல்லாரும் சேர்ந்து 'மிலே சுர் மேரா துமாரா' பாடினார்களே, அது தேச ஒற்றுமைக்கு. யாரிடமும் காசு கேட்கவில்லை, கணக்கும் வேண்டியதில்லை. ஊரணிப் பாட்டு அப்படியில்லையே.

அப்புறம் இன்னொன்று. அன்று தட்டை வாங்கினால்தான் பாட்டு, வாங்கிய காசு நிதிக்குப் போனது. இன்று லட்சம் பேர் பார்த்தாலும் ஊரணிக்கு ஒரு ரூபாய் வந்துவிடாது. விளம்பரத்தில் வருவது சேனல்காரருக்கு. அந்தச் சேனல் யாருடையது? புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று கோயில் வரி வாங்கி, பேரேட்டில் ஏற்றிப் பழகிய சீமையில் இதைக் கேட்டால் கோபிக்கக் கூடாது.

பாடிய பிள்ளைகள் மேல் எனக்குச் சந்தேகமில்லை. வீடியோவுக்குக் கீழே வங்கிக் கணக்கின் பெயர், பொறுப்பாளர் இருவர், ஒலிப்பதிவுக்கு ஆன செலவு, இதுவரை வந்த வரவு ஆகியவற்றைப் போடட்டும். அதையும் சீக்கிரம் செய்யட்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஊரணிக்குள் பொக்லைன் இறங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
தேவகோட்டை.