லேபர் வார்டுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அடுத்த வாரம் லேபர் வார்டு போஸ்டிங் என்று போனில் சொன்னாய். அப்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் அந்தப் பிரசவ வார்டில் நர்ஸாக நின்றவள் நான். வீட்டில் யாரையும் அதட்டிப் பேசாத அம்மாவைத்தான் உனக்குத் தெரியும். அங்கே நான் அப்படி இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும். வலியில் கட்டில் கம்பியை விடவே இல்லை. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. "அம்மாவைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் அம்மா கதவுக்கு வெளியேதான் வெந்நீர் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. "சும்மா கத்தாதே" என்று தொடையில் ஒரு அடி போட்டேன். அப்புறம் அவள் சத்தமே போடவில்லை. குழந்தையைக் காட்டியபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடிக்க யாரும் சொல்லித் தரவில்லை, கண்ணு. சீனியர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டது. இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பிரசவம் பார்த்தால் பொறுமை போகும்தான். ஆனால் வசதியான வீட்டுப் பெண் வந்தால் அதே ராத்திரியில் எங்கள் குரல் தாழ்ந்துவிடும். அதனால் வேலைப்பளு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

கானா, கினியா, நைஜீரியா நாட்டு மருத்துவமனைகளில் பிரசவங்களைக் கூடவே இருந்து கவனித்து, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். நூற்றுக்கு 42 பெண்கள் அடியோ திட்டோ அவமதிப்போ பட்டிருக்கிறார்கள். சின்ன வயசு, படிப்பு குறைவு என்றால் இன்னும் மோசம். குழந்தை பிறப்பதற்கு முந்தைய அரைமணியும் பிறந்த பின் கால்மணியும்தான் உச்சமாம். படித்ததும் அந்த வெளுத்த விரல்கள் ஞாபகம் வந்தன.

2004இல் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குத் துணையாள் இருக்கலாம் என்று வந்தபோது, இடைஞ்சல் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் நின்று முதுகை நீவிவிட்டால் அவள் பயம் பாதி அடங்கும். எங்கள் வாயும் அடங்கியது.

உள்பரிசோதனைக்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிக் கேள். ஸ்கிரீனை நீயே இழுத்து மூடு. தையலுக்கு முன் மரப்பு ஊசி போட்டால் அது பிடிக்கும்வரை பொறு. அவசரத்தில் நாங்கள் பொறுத்ததில்லை. யாராவது அதட்டினால் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் போய் நின்று கையைப் பிடித்துக்கொள்.

நைட் ட்யூட்டி முடிந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு போன் பண்ணு.

அம்மா